புது பிரேக் பேட் போட்டாச்சு, அப்புறம்?

கம்பெனி பேடை எடுத்துவிட்டு விலை கூடிய பெர்ஃபார்மன்ஸ் பேட் போட்டேன். பழையதைவிட மோசமாகப் பிடிக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (தஞ்சாவூர்)

இன்னும் தெரியாது. போட்ட அன்றைக்கு எந்த பேடும் முழுசாகப் பிடிக்காது. பேடின் பொருள் சூட்டில் மெல்லிய படலமாக, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் ஒட்ட வேண்டும். அந்தப் படலம் வந்த பிறகுதான் உண்மையான பிடி கிடைக்கும். பழைய டிஸ்க்கில் முந்தைய பேடின் படலம் இருக்கும், அதையும் சுத்தம் செய்திருக்க வேண்டும்.

டப்பாவுக்குள், இப்படிப் படலம் ஒட்டவைத்து செட் பண்ணும் முறை அச்சடித்த தாள் இருந்தால் அதன்படியே செய்யுங்கள். இல்லையென்றால் பொதுவான முறை இது. விடியற்காலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரமாக, திருச்சி நாற்கரச் சாலைக்குப் போங்கள். 60 கி.மீ. வேகத்திலிருந்து 10, 15 வரை ஒரே சீராக பிரேக் பிடித்து இறக்குங்கள். சக்கரம் சுற்றாமல் இறுகி வழுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்து பெடல் துடிக்கும் அளவுக்கு அழுத்த வேண்டாம். உடனே வேகமெடுத்து மறுபடியும் அதையே செய்யுங்கள். இப்படி எட்டுப் பத்து தடவை. நடுவில் ஒரு தடவைகூட வண்டி முழுசாக நிற்கக் கூடாது. கருகல் வாடை வரும், பயப்படாதீர்கள். முடிந்ததும் பத்து நிமிடமாவது பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். ஊருக்குள் இதைச் செய்ய முடியாது. அறுவடைக் காலத்தில் நெல்லும் வைக்கோலும் காயப்போட்டிருக்கும் கிராமத்துச் சாலையில் செய்யவே கூடாது.

நல்ல பேடா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மன்னார்குடி)

"முன்னைவிடச் சீக்கிரம் நிற்கிறதா" என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். அது தவறான சோதனை. பழைய பேடிலேயே அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் வேலை செய்தது என்றால், வண்டியை நிறுத்தும் எல்லையை டயர்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தது. பேட் மாற்றி அந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது. அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கியிருக்கலாம்.

பெர்ஃபார்மன்ஸ் பேடின் பலன் சூட்டில்தான் தெரியும். அடுத்தடுத்துப் பலமாக பிரேக் பிடிக்கும்போது சாதாரண பேடின் பிடி தளரும், இது தாங்கும். நம் டெல்டாவில் மேடே கிடையாது, பேட் எங்கே சூடாவது? 70 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய கொல்லிமலைக்கு அடிக்கடி போகிறவருக்கு அர்த்தம் உண்டு. வயலுக்கும் கடைத்தெருவுக்கும் போய்வரும் வண்டிக்கு, காலையில் ஆறிக் கிடக்கும் பிரேக்கில் முதல் மிதிக்கே எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் முக்கியம். அதே சாலை, அதே ஆட்கள், அதே டயர் காற்று என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். கால் அழுத்தத்துக்கு ஏற்ப பிடி ஏறுகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, கீச்சிடுகிறதா, ரிம்மில் எவ்வளவு கறுப்புத் தூள் படிகிறது என்று பாருங்கள்.

பேடின் முதுகில் 'ஜி ஜி' என்று இருக்கிறது. பழையதில் 'எஃப் எஃப்'. (திருவாரூர்)

உராய்வுக் குறியீடு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டுக்கு, இரண்டாவது கடும் சூட்டுக்கு. எஃப் என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. சத்தம், தூள், தேய்மானம் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கொஞ்ச நாளில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். (கும்பகோணம்)

அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைந்திருக்காது. வேகமாக வந்து ரயில்வே கேட்டில் பெடலை மிதித்தபடியே நின்றிருப்பீர்கள். சூடான பேட் அந்த ஒரு இடத்தில் மட்டும் தடிப்பாக ஒட்டியிருக்கும். முதல் பதிலில் சொன்னபடி இன்னொரு முறை செட் பண்ணிப் பாருங்கள். போகவில்லை என்றால், டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் டிஸ்க்கைக் கடைசல் பிடிப்பது. அதிலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது.

உள்பக்க பேட் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. மட்டமான பேடா? (வேளாங்கண்ணி)

பேட் மேல் பழி போடாதீர்கள். கடற்கரை உப்புக் காற்றில், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயிலையும் மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதா? அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கலாம். பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.