திரியெஸ்தே: கேளுங்கள், சொல்கிறேன்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஏறக்குறைய 2 லட்சம் பேர் வாழும் துறைமுக நகரம் திரியெஸ்தே. படிப்புக்காக மூன்று ஆண்டுகள் அங்கே இருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வரைபடத்தில் பார்த்தால் ஸ்லோவேனியாவின் விலாவில் செருகியது போல இருக்கிறதே, ஐயா?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். முன்னால் அட்ரியாட்டிக் கடல். பின்னால் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். இடையில் ஒரு கீற்று நிலம்தான் இத்தாலி. கடற்கரைச் சதுக்கத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எல்லை. அந்த மேட்டின் பெயர்தான் 'கார்ஸ்ட்'. குகையும் பள்ளமுமான சுண்ணாம்பு நிலத்தை உலகெங்கும் இப்போது இந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். ஸ்லோவேனியாவில் ரேகா என்றொரு ஆறு பூமிக்குள் இறங்கி, இத்தாலியில் கடலோரமாகத் திமாவோ என்ற பெயரில் வெளியே வருகிறது. அதனிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்டதில்லை.

நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவன். பக்கத்திலேயே வெனிஸ் இருக்க, இந்த ஊர் எப்படித் தலையெடுத்தது?

வெனிஸுக்குப் பயந்துதான். 1382இல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துப் பிரபுவிடம் அடைக்கலம் புகுந்தது. ஆனாலும் 1719இல் அதே குடும்பத்துப் பேரரசர் ஆறாம் சார்லஸ் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவிக்கும்வரை சிற்றூர்தான். பிறகு அவர் மகள் மரியா தெரேசா காலத்தில் உப்பளங்களைத் தூர்த்துப் புதிய நகரப் பகுதியையே எழுப்பினார்கள். 1857இல் வியன்னாவிலிருந்து ரயில் வந்தது. ஆஸ்திரியப் பேரரசின் கடல்வழிச் சரக்கில் பெரும்பகுதி இந்த ஒரு வாசல் வழியே இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1918இல் இத்தாலியோடு சேர்ந்தது நல்லதுதானே?

கொடி மாறியதும் பலர் கொண்டாடினார்கள். துறைமுகக் கணக்கு வேறு. சரக்கு அனுப்பிய ஆஸ்திரியா எல்லைக்கு அப்பால் போய்விட்டது. இத்தாலியிடமோ ஏற்கெனவே ஜெனோவா, வெனிஸ், நேப்பிள்ஸ் எல்லாம் இருந்தன. நான்காவது பிள்ளைக்கு யார் முதலில் சோறு போடுவார்கள்?

ஊரில் இருந்த ஸ்லோவேனியர்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 1920 ஜூலை 13 அன்று அவர்களுடைய பண்பாட்டு இல்லத்தைப் பாசிஸ்டுகள் கொளுத்தினார்கள். 1945 மே மாதம், ஸ்லோவேனியாவையும் உள்ளடக்கிய யூகோஸ்லாவியாவின் படை வந்து நாற்பது நாள் இருந்தது. அப்போது பழிதீர்ப்பும் நடந்தது. 1947இல் 'சுதந்திரப் பிரதேசம்' என்று பெயரிட்டு இரண்டாக வகுத்தார்கள்: நகரம் பிரிட்டன், அமெரிக்கா கையில், தெற்குப் பகுதி யூகோஸ்லாவியா கையில். 1954இல் நகரம் இத்தாலிக்குத் திரும்பியது. எல்லை முறையாக முடிவானது 1975 ஒப்பந்தத்தில்தான். ஒரே வீட்டில் இருந்தபடியே மூன்று, நான்கு ஆட்சிகளைப் பார்த்த கிழவிகள் அந்த ஊரில் சாதாரணம்.

அந்த ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்கிறார்களே, அண்ணா?

'போரா'. மேட்டிலிருந்து கடலை நோக்கிச் சரிந்து விழும் குளிர்காற்று. மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும். முதல் குளிர்காலத்தில் குடை விரித்தேன். அடுத்த நொடி கையில் பிடி மட்டும் மிச்சம். தெருவோரம் பிடித்து நடக்க முன்பெல்லாம் கயிறு கட்டியிருப்பார்களாம். ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

காபி?

'காப்போ' என்று கேட்டால் நுரைப்பால் துளி விட்ட சின்னக் காபி வரும். 'காப்போ இன் பி' என்றால் அதுவே கண்ணாடிக் குவளையில். இத்தாலியின் மற்ற ஊர்களில் இப்படிக் கேட்டால் விழிப்பார்கள்.

இயற்பியல் மாணவன் நான். எங்கள் பேராசிரியர்கள் அங்கே போவது ஏன்?

பாகிஸ்தானின் அப்துஸ் சலாம் 1964இல் அங்கே நிறுவிய கோட்பாட்டு இயற்பியல் மையத்துக்காக. வளரும் நாட்டு ஆய்வாளர்களுக்காகவே தொடங்கியது. விண்ணப்பித்துப் பாருங்கள், தம்பி.

இப்போது துறைமுகம் படுத்துவிட்டதா?

இல்லை. ஆழமான துறை என்பதால் பெரிய கப்பல்கள் வரும். 1967 முதல் ஆல்ப்ஸைத் தாண்டி ஜெர்மனிவரை எண்ணெய்க் குழாய் போகிறது. 2007இல் ஸ்லோவேனியா, எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் சேர்ந்ததும் எல்லைச் சோதனை நீங்கியது. 2023இல் இத்தாலி மீண்டும் கொண்டுவந்தது. ஆனால் ஸ்லோவேனியாவில் இருக்கும் கோப்பர் துறைமுகம் பற்றி மட்டும் அந்த ஊர்க்காரரிடம் பேச்செடுக்காதீர்கள். திரியெஸ்தே கைவிட்டுப் போனதும் யூகோஸ்லாவியா 1957இல் அங்கே தனக்கென ஒரு துறைமுகம் தொடங்கியது. சாலை வழியே 20 கி.மீ.தான். இன்று கண்டெய்னர் எண்ணிக்கையில் அதுதான் முன்னால் நிற்கிறது.