உம் குல்தூமின் ஒரே பாட்டு எப்படி ஒரு மணி நேரம் நீள்கிறது?

காரணம் 'தரப்'. இசையில் தன்னை மறந்து கிறங்கும் நிலைக்கு அரபு மொழியில் இதுதான் பெயர். எகிப்தின் பாடகி உம் குல்தூம் ஒரு வரியைப் பாடுவார். அரங்கம் ஆர்ப்பரித்தால் அதே வரியை வேறு வளைவில், வேறு அழுத்தத்தில் மறுபடி எடுப்பார். பேரப்பிள்ளைகள் கண்ணை விரிக்கும் இடத்தில் பாட்டி கதையை நீட்டுவாரே, அப்படி. 1964-இல் முகமது அப்துல் வஹாப் இசையமைத்த 'இன்த்த உம்ரி' இப்படித்தான் மேடையில் நீண்டது. எத்தனை முறை திருப்பினாலும் சொல் சிதையாது. சிறுவயதில் குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கு அது. மாதத்தின் முதல் வியாழன் இரவு வானொலியில் வந்த கச்சேரிகளே அவரை அரபுலகமெங்கும் கொண்டுசேர்த்தன.

பாட்டே அவ்வளவு நீளமாக எழுதப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, எழுதிய வரிகள் கொஞ்சம்தான். மிச்சம் அன்றைய இரவில் மேடையில் விளைந்தது.