தோல் பதித்த பழைய சாமான்: கேள்வி-பதில்

கே: ஏலத்தில் எடுத்த பங்களா எழுதுமேசையின் தோலில் வெள்ளைப் பூஞ்சணம். தேங்காய் எண்ணெய் பூசினால் போகுமா? (நுவரெலியா)

ப: போகாது, இன்னும் வளரும். எண்ணெய் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. முதலில் காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தோலுக்குள் அப்பிக்கொள்ளும். காய்ந்தபின் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். மேசையைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். குளிருக்கு மூட்டும் கணப்படுப்புப் பக்கமும் வேண்டாம், தோல் சுருங்கி வெடிக்கும். அறையின் ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேலே நின்றால் பூஞ்சணம் திரும்பவும் வரும்.

கே: ஓரத்துத் தங்கக்கோடு கறுத்துவிட்டது. ஸ்பிரிட்டால் துடைக்கலாமா? (பண்டாரவளை)

ப: கூடாது. தங்கமும் சாயமும் பஞ்சோடு வந்துவிடும்.

கே: நல்ல பளபளப்பான தோல் முதுகுக் கதிரை வாங்கினேன். ஒரு மாதத்தில் தொட்டால் விரலெல்லாம் சிவப்புத் தூள். கடைக்காரர் வாசலின் பூசச் சொல்கிறார். (ஹட்டன்)

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இதற்கு ரெட் ரொட் என்று பெயர். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பழைய தோல், காற்றிலுள்ள கந்தக வாயுவை இழுத்து, உள்ளேயே அமிலமாகி நாரை அரித்துவிடும். அதன்மேல் சப்பாத்துப் பொலிஷை அப்பி விற்பது சில வியாபாரிகளின் பழைய வேலை. வாங்குமுன் வெள்ளைத் துணியால், ஆணி அடித்த ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள்: மெழுகோடு சிவப்புத் தூளும் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அரித்த நாரை யாராலும் திருப்பித் தர முடியாது, தூளைக் கட்டிப்போடத்தான் முடியும். தண்ணீர் பட்டால் கறுத்து விறைக்கும், வாசலின் தூசியைப் பிடிக்கும். கிளூசெல் ஜி என்ற செலுலோஸ் தூள் 2 கிராமை 100 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பைல் அல்ககோலில் மெதுவாகத் தூவிக் கலக்கி, மூடி, ஓர் இரவு விடுங்கள். மறைவான மூலையில் சோதித்து, சாயம் கரையாவிட்டால் மட்டும் தூரிகையால் மெல்லிதாகப் பூசுங்கள், தேய்க்காதீர்கள். தங்கக்கோட்டில் படவிடாதீர்கள். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அதன்பிறகும் சாய்ந்து உட்கார அது தாங்காது.

வாங்கி 3 மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977.

கே: எந்தத் தோல் கிரீம் நல்லது? (தலவாக்கலை)

ப: நல்ல தோலுக்கு உலர்ந்த துணி போதும். ஆசைப்பட்டு வாங்கிய டின்கள் என் அலுமாரியில் கிடக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: 'அசல் தோல்' என்று வாங்கிய மேசைத் தோல் செதில் செதிலாக உரிகிறது. பில் வாங்கவில்லை. (பதுளை)

ப: உரிந்த இடத்தில் துணி தெரிகிறதா? அப்படியானால் அது பொலியூரித்தேன். ஈரத்தில் சிதையும், ஒட்ட வழியில்லை. கேட்டால் பில் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நீங்கள் கேட்கவே இல்லையே! உரித்தெடுத்துவிட்டு, மெல்லிய ஆட்டுத்தோலைக் கோதுமை மாப் பசையில் ஒட்டித் தரும் பாஸ் ஒருவரைப் பிடியுங்கள். இந்தமுறை பில்லோடு.