ரெட்டைப் பசங்களோட சுத்திப் பாக்க தாராளமா போங்க, ஒரே கலர் சட்டை மட்டும் போட்டுறாதீங்க

"ரெண்டு வயசு கூட ஆகாத ட்வின்ஸ கூட்டிட்டு எங்கயாவது சுத்திப் பாக்க போறது சரிப்பட்டு வருமா, இல்ல கொஞ்சம் வளரட்டும்னு விட்டுடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. கேள்விய பாத்தாலே புரியுது, வீட்ல ஒருத்தர் கெளம்பலாம்ங்கறார், இன்னொருத்தருக்கு வயித்த கலக்குது, கலங்குனவர் ராத்திரி எல்லாரும் தூங்குனதும் இத டைப் பண்ணிருக்கார். நானும் உங்க கட்சிதாங்க. ஆனாலும் போனோம்.

எங்க பசங்களுக்கு இப்ப ஆறு வயசு, ஐடென்டிகல். அப்ப 22 மாசம். போனது ஒரு ஜூ, எந்த ஜூன்னு சொல்ல மாட்டேன், ஏன்னா நடந்ததுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல, முழுக்க என் தப்பு.

பக்கத்து பக்கத்துல ரெண்டு சீட் இருக்கற ஸ்ட்ரோலர், அகலம் கிட்டத்தட்ட 75 சென்டிமீட்டர். வீட்டுக் கதவுல நுழையுது, லிஃப்ட்ல நுழையுது, ஆனா டிக்கெட் குடுத்து உள்ள போற எடத்துல சுத்துற கம்பி கேட் வெச்சிருந்தாங்க, அதுல நுழையல. ரெண்டையும் எறக்கி, வண்டிய மடக்கி, தலைக்கு மேல தூக்கி அந்தப் பக்கம் குடுக்கறதுக்குள்ள ஒருத்தன் உள்ள ஓடறான், இன்னொருத்தன் ரோட்ட பாத்து ஓடறான். இது ட்வின்ஸ் பெத்தவங்களுக்கு தெரியும், ரெண்டும் ஒரே பக்கமா ஓடவே ஓடாது. முன்னாடி பின்னாடி சீட் வெச்ச மாடல் வாங்கலாம்ல'ன்னு கேப்பீங்க. வாங்கி பாத்தாச்சு, பின்னாடி உக்காந்தவன் முன்னாடி இருக்கறவன் முடிய புடிச்சு இழுத்துட்டே வருவான்.

சரி மேட்டருக்கு வரேன். ரெண்டு பேருக்கும் ஒரே மஞ்ச டீ-ஷர்ட். கூட்டத்துல பளிச்சுனு தெரியும், ஒருத்தன் தொலைஞ்சாலும் ஈசியா கண்டுபிடிக்கலாம்னு நான்தான் பெருசா ஐடியா குடுத்தேன். அதுல இருக்கற ஓட்டை அப்ப தோணல. ஒரே மாதிரி மூஞ்சி, ஒரே சட்டைன்னா நம்ம மூளை தலைய எண்ணறப்ப ஒருத்தனயே ரெண்டு தடவ எண்ணிரும். யானை இருக்கற எடத்துக்கிட்ட என் மனைவி பைய தொறந்து வைப்ஸ் தேடிட்டு இருந்தா, நிமிந்து பாத்தா என் வலது பக்கம் மஞ்ச, ஒரு நிமிஷம் கழிச்சு பாத்தா இடது பக்கம் மஞ்ச, ஆக ரெண்டும் அவர்கிட்ட இருக்குன்னு நிம்மதியா தேடிட்டு இருந்தா. நானோ சின்னவன் அவகிட்ட இருக்கான்னு நெனச்சேன்.

நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு சொல்லணும், மனசு உறுத்துது. ஒரு தம்பதி நின்னு, ட்வின்ஸா, யார் மூத்தவன், எப்படி கண்டுபிடிப்பீங்கன்னு கேட்டாங்க. அவ்ளோதான், ஒரே கரு ரெண்டா பிரிஞ்சா ஐடென்டிகல், டிஎன்ஏ கிட்டத்தட்ட ஒண்ணுதான் ஆனா கைரேகை மட்டும் வேறவேற இருக்கும் தெரியுமான்னு லெக்சர் எடுக்க ஆரம்பிச்சுட்டேன். கைரேகை பத்தி விளக்கிட்டு இருக்கறப்பதான் கையில ஒருத்தன்தான் இருக்கான்னு ஒறச்சுச்சு.

செக்யூரிட்டிகிட்ட ஓடி, பையன காணோம்னு சொன்னா, எப்படி இருப்பான், என்ன சட்டைன்னார். பதட்டத்துல வாய் வரல, பெரியவன தூக்கி காட்டி "இதே மாதிரி சார், அப்படியே இதேதான்"னேன். அவர் "ஓ கெடச்சுட்டானா, பத்திரமா பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு நடந்து போயிட்டார். இப்ப சிரிப்பு வருது, அப்ப எனக்கு கால் ரெண்டும் துணி மாதிரி ஆயிடுச்சு.

பாம்பு கூடத்தோட கண்ணாடிக் கதவு முன்னாடிதான் நின்னுட்டு இருந்தான். கதவுல தெரியற அவனோட உருவத்தயே பாத்து, ஒரு கைய கண்ணாடில வெச்சு, "பப்பு, பப்பு"ன்னு கூப்ட்டுட்டு இருந்தான். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கூப்பிடறது அந்த ஒரே வார்த்தைலதான், யாரும் சொல்லிக் குடுக்கல. கண்ணாடில தெரியறது தான்தான்னு பொதுவா பசங்களுக்கு புரியறது ஒன்றரை வயசுலேந்து ரெண்டு வயசுக்குள்ளன்னு அப்புறம் படிச்சேன். இவனுக்கு இன்னும் புரியல போல. தம்பியா அண்ணனாங்கற கணக்கெல்லாம் அவனுக்கு ஏது, கூட வந்தவன் பதில் சொல்ல மாட்டேங்கறானேன்னு குரல் உடைய ஆரம்பிச்சிருந்துச்சு. என் இடுப்புல இருந்தவன் "பப்பு"ன்னதும் திரும்புனான்.

உடனே சில பேர் வருவீங்க, ரெண்டு பெரியவங்க இருந்துமா பிள்ளைய விட்டீங்கன்னு. ரெண்டு பெரியவங்க இருந்ததாலதான் விட்டோம்ங்க, தனியா போயிருந்தா கண்ணு நகந்திருக்காது. அப்புறம் முதுகுல பை மாதிரி மாட்டி பட்டை புடிச்சுக்கற ஹார்னஸ் வாங்கினேன். நாய்க்கு கட்டற மாதிரி இருக்குன்னு பார்க்ல ஒருத்தர் மூஞ்ச சுளிச்சார். சுளிச்சுட்டு போகட்டும்.

அன்னிக்கே வீட்டுக்கு திரும்பிருக்கணும், ஆனா சின்னவன் அழுது அழுது தூங்கிட்டான், பெரியவன் கண்ண அகல முழிச்சுட்டு இருந்தான், சரி கொரங்காவது பாப்போம்னு போனோம். மார்மோசெட்னு உள்ளங்கை சைஸ் கொரங்கு, அதுக்கு பெரும்பாலும் ரெட்டைதான் பொறக்குமாம், குட்டிங்கள அதிகமா அப்பன்தான் முதுகுல தூக்கிட்டு திரியுமாம். போர்ட்ல இருந்தத என் மனைவி எனக்கு கேக்கற மாதிரி சத்தமா ரெண்டு தடவ வாசிச்சா. நான் வாய தொறக்கல.

கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லிடறேன். பொறந்தநாளுக்கு வர்றவங்க "ரெண்டு பேரும் சேந்து வெளையாடட்டும்"னு ஒரே ஒரு பொம்மைய கொண்டு வராங்களே, உங்க வீட்ல ரெண்டு வருஷம் முன்ன பின்ன பொறந்த பசங்களுக்கு சேத்து ஒண்ணு குடுத்தா ஒத்துப்பீங்களா? அதே ஆளுங்கதான் ஆண் ஒண்ணு பொண்ணு ஒண்ணுன்னு சொன்ன பிறகும் ஐடென்டிகலான்னு கேப்பாங்க, என் ஃப்ரெண்ட் ஒருத்தி இதுக்கு பதில் சொல்லியே அலுத்துட்டா.

உங்களுக்கு சொல்ல வந்தது இதான். போங்க, ஆளுக்கு வேற வேற கலர் போடுங்க. கெளம்பும்போதே இவன் உன் பொறுப்பு, அவன் என் பொறுப்புன்னு பேர் சொல்லி பிரிச்சுக்கோங்க, மாத்திக்கறப்ப வாய்விட்டு சொல்லி மாத்துங்க. ஒரு நாள்ல ஒரு எடம் போதும், அதுலயும் பாதி பாத்தா பெருசு. தூக்க நேரம் ரெண்டுக்கும் ஒத்து வரும்னு மட்டும் நம்பாதீங்க.

அன்னிக்கு எடுத்ததுல உருப்படியா வந்த போட்டோ ஒண்ணே ஒண்ணு, மார்மோசெட் கூண்டு முன்னாடி மஞ்ச சட்டைல ஒருத்தன் என் தோள்ல சாஞ்சு தூங்கறான். சின்னவன்தான், அவன்தான தூங்குனான்னு நான் சொல்றேன், அதுக்குள்ள அவன எழுப்பியாச்சு, அது பெரியவன்னு மனைவி சொல்றா. காதுக்கு பின்னாடி மச்சம் இருந்தா பெரியவன், அந்தக் காது போட்டோல தெரியல.