மெயில்ல அனுப்புற டிசைனுக்கு எத்தனை டிபிஐ வைக்கணும்?

கேள்வி: போஸ்டர், இன்விடேஷன் டிசைன் பண்றேன். பின்னாடி ஃபோட்டோ வச்ச ஏ4 டிசைனை 300 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணா 22 எம்பி வருது. மெயில் லிமிட் 25 எம்பின்னு போட்டிருக்கு, ஆனா போகவே மாட்டேங்குது. 72க்கு குறைச்சு அனுப்புனா எழுத்து மங்கலா இருக்குன்னு கஸ்டமர் திருப்பி அனுப்புறாங்க. என்னதான் வைக்கிறது?

பதில்: மெயில்ல போற அட்டாச்மென்ட் எல்லாமே பொதுவா பேஸ்64னு ஒரு எழுத்து வடிவத்துக்கு மாறித்தான் போகும், 3 பைட் இருந்தா அது 4 ஆயிடும், அப்போ உங்க 22 எம்பி போற வழியில 29 எம்பிக்கு மேல ஊதிடுது, அதான் போகல. 25 லிமிட்னா கைல 18க்குள்ள இருக்கணும், அதுவும் வாங்குறவங்க சர்வர் லிமிட் இன்னும் கம்மியா இருந்தா அங்க போய் நின்னுடும்.

அடுத்து டிபிஐ. ஸ்க்ரீன்ல பாக்குறதுக்கு அந்த நம்பர் முக்கியமே இல்லைங்க, பிக்சல் எத்தனைங்கிறதுதான் கணக்கு. ஏ4க்கு 300னா 2480 x 3508, 72னா வெறும் 595 x 842. ஃபோன் ஸ்க்ரீனே 1080 பிக்சல் அகலம் இருக்கும்போது 595ஐ இழுத்துதானே காட்டும், அதுலயும் தமிழ் எழுத்து பாவம், சின்ன சைஸ்ல 'ன்' மேல இருக்கிற புள்ளி எழுத்தோட ஒட்டிக்கும், 'ண'வோட சுழியெல்லாம் அடைஞ்சு கறுப்பாயிடும். கஸ்டமர் சொல்றது நியாயம்தான்.

அப்ரூவலுக்கு 150 வைங்க, 1240 x 1754 வரும், ஜேபெக் குவாலிட்டி 80. பெரும்பாலும் 1 எம்பி சுத்திதான் நிக்கும், ஜூம் பண்ணாலும் படிக்கலாம். ஃபோட்டோவே இல்லாம தட்டையான கலரும் எழுத்தும் மட்டும்னா பிஎன்ஜியே நல்லது, ஜேபெக்ல எழுத்து ஓரமா அழுக்கு மாதிரி புள்ளி புள்ளியா வரும். கலர் ஆர்ஜிபி (ஸ்க்ரீனுக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலர் முறை), அதுல எஸ்ஆர்ஜிபிங்கிற பொதுவான ப்ரொஃபைல். சிஎம்ஒய்கே (பிரிண்டிங் மைக்கான கலர் முறை) ஜேபெக் சில ஃபோன்ல கலரே மாறித் தெரியும்.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அனுப்பின ஜேபெக்கையே திறந்து திருத்தி மறுபடி சேவ் பண்றது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா தரம் போகும். திருத்தம் எப்பவும் ஒரிஜினல் ஃபைல்லதான்.

ஓகே சொன்னதுக்கு அப்புறம் பிரஸ்ஸுக்கு 300 டிபிஐல பிடிஎஃப், சுத்தி 3 மிமீ ப்ளீட் (வெட்டும்போது ஓரத்துல வெள்ளை தெரியாம இருக்க டிசைனை வெளிய நீட்டி விடுறது) விட்டு, டிரைவ்ல ஏத்தி லிங்க்கா குடுங்க. அதை மெயிலுக்குள்ள திணிக்கவே வேணாம்.