கறுப்புத் திரையிலேயே கேவிஏ கிராஃப்: டேஷ்போர்டு வாடகை எதற்கு?

கேள்வி: பல்லடம் பக்கம் நூல் மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருக்கிறேன். கான்ட்ராக்ட் டிமாண்ட், அதாவது மின்வாரியத்திடம் ஒப்புக்கொண்ட உச்ச மின்சுமை, 430 கேவிஏ. 15 நிமிஷத்துக்கு ஒரு டிமாண்ட் ரீடிங், லினக்ஸ் பெட்டியில் சிஎஸ்வி ஃபைலாக (காற்புள்ளியால் பிரித்த வரிகளாக) விழுகிறது. தேதி, நேரம், கேவிஏ என மூன்று பத்திகள். போனிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக, அந்தப் பெட்டியின் கறுப்புக் கட்டளைத் திரையில்தான் பார்க்கிறேன். எந்த மணிக்கு லோடு ஏறுகிறது என்று அங்கேயே படமாகத் தெரியுமா? டேஷ்போர்டு போட்டுத்தர ஒருவர் மாத வாடகை கேட்கிறார்.

பதில்: தெரியும். உங்கள் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் ஆக் (awk) போதும், ஃபைலை வரிவரியாகப் படித்துக் கணக்குப் போடும் கட்டளை அது. அந்த வாடகைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இலவச மென்பொருளுக்கு மேலட்டை மாட்டி வாடகைக்கு விடும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ரீடிங் யாருடைய பெட்டியில் தங்கும்? பாஸ்வேர்ட் யார் கையில் இருக்கும்? இரண்டுக்கும் "எங்களிடம்" என்று பதில் வந்தால், வாடகையை நிறுத்தும் நாளில் உங்கள் பழைய ரீடிங்கும் போய்விடும்.

இனி வேலைக்கு வருவோம். காற்புள்ளியைப் பிரிப்பானாகக் கொடுங்கள். நேரப் பத்தியின் முதல் இரண்டு எழுத்துதான் மணி, அதோடு 0 கூட்டி எண்ணாக்குங்கள், இல்லாவிட்டால் ஆக்குக்கு 06 வேறு, 6 வேறு. ஒவ்வொரு மணிக்கும் வரும் நான்கு ரீடிங்கில் பெரியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்காதீர்கள். 380, 390, 440, 370 வந்தால் சராசரி 395. படத்தில் எல்லாம் சுகமாகத் தெரியும், பில்லில் தண்டம் வரும். மீட்டர் ஏற்கெனவே சராசரி எடுத்துத்தான் டிமாண்டைக் கொடுக்கிறது, அதன்மேல் இன்னொரு சராசரி வேண்டாம்.

ஒப்பிடும் முன் கேவிஏ மதிப்போடு 0 கூட்டுங்கள். கூட்டாவிட்டால் சில ஃபைல்களில் ஆக் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு 98-ஐ 412-ஐவிடப் பெரியது என்று சொல்லிவிடும். கடைசியில் 0 முதல் 23 வரை எண்ணி, மதிப்பை 20-ஆல் வகுத்து, அத்தனை # அடியுங்கள். ரீடிங் இல்லாத மணிக்குக் கேள்விக்குறி போடுங்கள். வெற்றிடத்தை ஆக் 0 என்றே எடுக்கும். லைன் போன மணியும் மில் நின்ற மணியும் ஒன்றுபோலத் தெரியக்கூடாது.

############## 280 காலை 06
###################### 440 காலை 07 தாண்டியது
##################### 420 காலை 08
? காலை 09
################## 360 காலை 10

20-க்கு ஒரு குறி என்றால் நீளமான கோடு 22 குறிதான், போனைச் சாய்க்காமலே பார்க்கலாம். குறியை மட்டும் நம்பாமல் எண்ணையும் பக்கத்தில் அச்சிடுங்கள். 420-க்கும் 430-க்கும் ஒரே 21 குறிதான் விழும்.

"காலை 06" என்ற பெயர் ஏன் கடைசியில் என்று கேட்பீர்கள். தமிழ்ப் பெயரை முன்னால் வைத்தால் கோடுகள் கோணல்மாணலாகும். "கோவை" கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் நான்கு குறியீடு, அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 12 பைட். டெபியன், உபுண்டு லினக்ஸில் இயல்பாக வரும் ஆக் வகையான மாக் (mawk) பதிப்புகள் பல பைட்டைத்தான் எண்ணுகின்றன. இன்னொரு வகையான ஜிஆக் (gawk) குறியீட்டை எண்ணும். திரை எத்தனை கட்டம் கொடுக்கும் என்பது டெர்மினலுக்கு டெர்மினல் மாறும். பத்து இடம் ஒதுக்கு என்றால் மூன்றும் மூன்று கணக்குப் போடும். இத்தனை வருஷமாகியும் ஒரு தமிழ்ச் சொல்லை நேராக அடுக்க முடியவில்லை என்பது எரிச்சலான விஷயம்தான். வெற்றிடம் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள், உங்கள் போனில் நேராக இருப்பது மேனேஜர் லேப்டாப்பில் சாயும். கோடு முதலில், எண் அடுத்து, தமிழ் கடைசியில். அதற்குப் பின்னால் எதுவும் வராததால் அகலம் தப்பினாலும் தொல்லை இல்லை.

எழுத்துகள் கோட்டின் தலைமேல் போய் ஏறினால், ஃபைல் விண்டோஸ் வழியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். வரிக்கடைசியில் ஒளிந்திருக்கும் குறி கர்சரைத் தொடக்கத்துக்கே தள்ளுகிறது. அதை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் (dos2unix) கட்டளையை ஓட்டினால் சரியாகும். யூனிட் கணக்கை 1,25,000 என்று எழுதும் ஃபைலும் வரும். ஆக் முதல் காற்புள்ளியிலேயே வெட்டிவிடும் என்பதால் எண்ணுக்குள் இருக்கும் காற்புள்ளிகளை மட்டும் முன்கூட்டியே நீக்குங்கள்.

வளைகோடாக வேண்டுமென்றால் படம் வரையும் க்னூபிளாட்-நாக்ஸ் (gnuplot-nox) பொதியை நிறுவி, டெர்மினலை டம்ப் (dumb) என்று வையுங்கள். அகலம் இயல்பாக 79 எழுத்து, போனில் மடங்கும். அகலம் 45 எழுத்து, உயரம் 20 வரி கொடுங்கள். இதற்கும் பிரிப்பான் காற்புள்ளி என்று சொல்ல வேண்டும். ஒய் அச்சின் கீழ்முனையை 0 என்று நீங்களே கட்டிப்போடுங்கள். விட்டுவிட்டால் 412-க்கும் 418-க்கும் நடுவில் மலையே நிற்பதுபோல் வரைந்துவிடும். படத்தைப் பெரிதாக்கிக் காட்டிக் கெபாசிட்டர் பேனல் விற்க வருபவர்களுக்கு அந்த மலை ரொம்பப் பிடிக்கும்.

தினமும் காலையில் தானாக ஓட, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் க்ரானில் (cron) போடும்போது, ஃபைல் பெயரில் தேதிக்காக வரும் ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு வையுங்கள். க்ரான் % குறியை வரிமுடிவு என்று எடுத்துக்கொண்டு கட்டளையைப் பாதியில் வெட்டிவிடும். கையால் அடித்தால் ஓடும், க்ரானில் மட்டும் ஓடாது.