தாவரவியல், இயற்பியல், மருத்துவம் மூன்றும் ஒரே ஆராய்ச்சியில் சந்தித்ததுண்டா? பூவை ஆராய்வதால் நோயாளிக்கு ஏதாவது பயன் உண்டா?

உண்டு. எனக்கு அது தினசரி வேலை. நான் ஒரு மருத்துவமனையில் எம்ஆர்ஐ டெக்னீஷியன். அதற்கு முன்னால் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவன். "செடி கொடி படிச்சுட்டு மிஷின்கிட்ட என்னப்பா வேலை?" என்று என் மாமா ஒருவர் கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். அவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும். அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது, வலது கை துவண்டு கிடந்தது. கூட வந்த கணவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "தம்பி, ராத்திரி பத்து மணிக்கு நல்லாத்தான் படுத்தா."

சிக்கலே அங்கேதான். மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. தூக்கத்தில் வந்த வாதம் பதினொரு மணிக்கு வந்ததா, ஐந்து மணிக்கு வந்ததா? யாருக்குத் தெரியும்? சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, வேறொன்றும் தெரியவும் இல்லை. முதல் சில மணி நேரம் சிடி பெரும்பாலும் அப்படித்தான், ஒன்றும் சொல்லாது.

மூக்குத்தி, மெட்டி, இடுப்புக் கயிற்றில் கோத்திருந்த தாயத்து எல்லாவற்றையும் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே அனுப்பினோம். முதலில் ஓட்டியது டிஃப்யூஷன், மூளைக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று காட்டும் படம். ஒரு நிமிடம் சொச்சம்தான் ஆகும். மூளையின் இடப்பக்கத்தில், சுண்ணாம்பை விரலால் இழுகினாற்போல ஒரு வெள்ளைத் திட்டு. அடுத்து ஃபிளேர் என்கிற இன்னொரு படம். அதே இடத்தைத் தேடிப் பார்த்தால் அங்கே எதுவும் இல்லை. ஃபிளேரில் மாற்றம் தெரிய சில மணி நேரம் பிடிக்கும். டிஃப்யூஷனில் வெள்ளை, ஃபிளேரில் ஒன்றுமில்லை என்றால் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் வந்த வாதம். இப்படிப் பார்த்து ஊசி போட்டால் பலன் உண்டு என்று ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2018-ல் காட்டியது. டாக்டர் படத்தைப் பார்த்தார், ஊசிக்குச் சொல்லிவிட்டார்.

சரி, இதில் பூ எங்கே வந்தது என்கிறீர்களா? அந்த வெள்ளைத் திட்டின் பூர்வீகம் ஒரு மகரந்தப் பொடி.

1827 ஜூன் மாதம், லண்டன். ராபர்ட் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர், கிளார்க்கியா புல்செல்லா என்ற வட அமெரிக்கச் செடியின் மகரந்தத்தை நீரில் இட்டு, ஒற்றை லென்ஸ் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். கருவுறுதலில் மகரந்தம் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. மகரந்தத்துக்குள் இருந்த மிக நுண்ணிய துகள்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. உயிரின் மூலப்பொருளே இதுதானோ என்று தோன்றுவது இயல்பு, அவருக்கும் தோன்றியது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. பல ஆண்டுகளாக ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளின் சேகரிப்பில்) காய்ந்து கிடந்த செடிகளின் மகரந்தத்தை எடுத்தார். அதுவும் துடித்தது. கண்ணாடியைப் பொடித்தார், பாறையைப் பொடித்தார், எகிப்து ஸ்பிங்ஸ் சிலையின் ஒரு துணுக்கைக்கூடப் பொடித்து நீரில் போட்டார். எல்லாமே துடித்தன. உயிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஒரு தாவரவியலாளர் தன் ஆசைக்கு எதிராகத் தானே சாட்சி தேடிப் போனது இருக்கிறதே, எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம். "நீரில் மகரந்தத் தூள்கள் அங்குமிங்கும் ஆடுவதைப் பிரௌன் கண்டார்" என்று பல பாடப்புத்தகங்களில் இருக்கும். அதை நம்பி நான் கல்லூரியில் செம்பருத்தி மகரந்தத்தை ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆடவே இல்லை. ரெக்கார்டு நோட்டில் மட்டும் ஆடியதாக வளைந்து வளைந்து கோடு போட்டு மார்க் வாங்கிக்கொண்டேன். பிரௌன் பார்த்தது மகரந்தத்தை அல்ல, அதன் உள்ளே இருக்கும் துகள்களை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. முழு மகரந்தம் நீர் மூலக்கூறுகள் தள்ளி ஆடுகிற அளவுக்குச் சின்னது இல்லை.

அந்தத் துடிப்புக்குக் கணக்கு எழுதியவர் ஐன்ஸ்டைன். 1905-ல், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தபோது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய பலூன்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். நாலாபக்கமும் இடி, நீர் மூலக்கூறுகள் துகளை இடிப்பது மாதிரி. எந்தப் பக்கம் போவார் என்று சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு நேரத்தில் சராசரியாக எவ்வளவு தூரம் நகர்ந்திருப்பார் என்று சொல்லலாம். நான்கு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு தூரம்தான் போவார். இதைப் பாரிஸில் அளந்து காட்டியவர் இயற்பியலாளர் ழான் பெரன். 1926-ல் நோபல் வாங்கினார். அவர் அளந்தது கேம்போஜ் என்ற மஞ்சள் மரப்பிசினின் உருண்டைகளை. அந்த மரம் நம்ம குடம்புளிக்கு ஒன்றுவிட்ட சொந்தம், இரண்டும் கார்சீனியா. இயற்பியல் ஆய்வகத்துக்குள்ளும் செடி விடவில்லை பாருங்கள்.

இனி ஸ்கேனுக்கு வருவோம். மூளையில் துகளைப் போட்டுப் பார்க்க முடியாது, ஆனால் தண்ணீர் இருக்கிறதே, அதன் மூலக்கூறுகளும் இப்படித்தான் அலைகின்றன. எம்ஆர்ஐ காந்தப்புலத்தின் வலிமை இடத்துக்கு இடம் சற்று மாறும்படி சாய்த்து, தண்ணீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஓர் அடையாளம் வைக்கிறோம். சுமார் 50 மில்லிநொடி கழித்து எதிர்ச்சாய்வால் அந்த அடையாளத்தை அழிக்கிறோம். நின்ற இடத்திலேயே இருந்த மூலக்கூறுக்கு அடையாளம் சுத்தமாக அழியும், சிக்னல் முழுசாகத் திரும்பும். நகர்ந்துபோனதற்குக் கணக்கு ஒத்துவராது, சிக்னல் குறையும். ஸ்டெஜ்ஸ்கல், டானர் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-ல் சொன்ன உத்தி இது. உடல் வெப்பத்தில் கட்டுப்பாடில்லாத தண்ணீர் அந்த 50 மில்லிநொடியில் ஒரு திசையில் ஏறக்குறைய 17 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நகரும். கிட்டத்தட்ட ஒரு செல்லின் அளவு. அதனால்தான் மில்லிமீட்டர் புள்ளிகளாலான படம், செல் மட்டத்தில் நடப்பதைச் சொல்கிறது.

வாதம் வந்தால் ரத்தம் நின்று, செல்லிலிருந்து உப்பை வெளியேற்றும் சோடியம் பம்ப் ஓடுவதற்கான சக்தி தீர்ந்துபோகிறது. உப்பு உள்ளே நுழைய, தண்ணீரும் பின்னாலேயே வந்து செல் உப்புகிறது. செல்களுக்கு இடையே இருந்த சந்துபொந்துகள் அடைபட்டு, தண்ணீர் நகர இடமில்லாமல் நிற்கிறது. நகராத தண்ணீர் வெள்ளையாகத் தெரியும். அந்த அம்மாவின் படத்தில் நான் பார்த்தது அதைத்தான். பிரெஞ்சு மருத்துவர் தெனி ல பியான் 1980-களின் நடுவில் டிஃப்யூஷன் படங்களை எடுத்துக் காட்டினார். 1990-ல் மோஸ்லி என்ற ஆராய்ச்சியாளரின் குழு பூனைகளின் மூளையில் வாதத்தை இப்படிச் சீக்கிரமே பிடிக்கலாம் என்று நிரூபித்தது.

பிரௌன் இல்லாவிட்டால் ஸ்கேனே வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி நேர்க்கோடு போட்டுச் சொல்வது மேடைப்பேச்சுக்கு நன்றாக இருக்கும். பரவலுக்கான, அதாவது டிஃப்யூஷனுக்கான, சமன்பாட்டை 1855-லேயே அடால்ஃப் ஃபிக் எழுதிவிட்டார், அவரும் உடலியல் மருத்துவர்தான். இயற்பியலுக்குள் பல வாசல் வழியாக ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். பிரௌன் வந்தது பூ வாசல் வழியாக.

கடன் திரும்பவும் செடிக்கே போனது ஒரு வேடிக்கை. மூளையின் நரம்பு இழைகளை வரையும் டிஃப்யூஷன் முறையைச் சோதித்துப் பார்க்க, சிலர் அஸ்பாரகஸ் தண்டை ஸ்கேனருக்குள் வைத்திருக்கிறார்கள். நம்ம தண்ணீர்விட்டான் கொடியின் இனம். அதன் நீர்க்குழாய்கள் ஒரே திசையில் ஓடுவதால் நரம்புக்கட்டு மாதிரியே நடந்துகொள்ளும்.

அந்த அம்மா வீட்டுக்குப் போகிற அன்று வலது கையாலேயே செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

பிரௌன் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டுமானால் மகரந்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாக்கெட் பால் ஒரு சொட்டை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து, அதிலிருந்து ஒரு துளியை ஸ்லைடில் விட்டு, கவர் ஸ்லிப் போட்டு 400 மடங்கில் பாருங்கள். பெரிய கொழுப்பு உருண்டைகள் சும்மா இருக்கும். சின்னதுகளைக் கவனியுங்கள்.